கணக்கில் வராத காற்று

மூன்றாம் தரமும் அதே கோட்தான்:
பூச்சியம், ஒன்று, ஏழு, ஒன்று.
காற்றுக் கூட, பெற்றோல் குறைவு.
சத்தியரூபியின் நிசான் சன்னி
(சனி என்றுதான் சொல்லுவன், அவ இல்லாத நேரம்)
உவர்மலை ஏற்றத்தில் நேற்றும் நின்றிருக்கிறது,
பின்னால் தண்ணிப் பவுசர் ஹோர்ன் அடிக்க,
ரோட்டோரம் ரெண்டு புள்ளிமான்
சொப்பின் பையைச் சப்பியபடி பார்த்துக்கொண்டிருக்க.

போன மாதம் நான்தான் சொன்னது:
சென்சர் போயிட்டுது, மாத்த வேணும்.
பதினெட்டாயிரம். கொழும்பு பஸ்ஸில் வந்த பெட்டி.
அவ எண்ணித் தந்த தாள்களில்
மாவு மணத்தது என்று எழுதினால் பொய்.
சாதாரணத் தாள்கள். ஒன்று கிழிந்து
டேப் ஒட்டியிருந்தது.

சீனக்குடா மாவாலையில்
மூட்டை நிறை சரிபார்க்கிற வேலை அவவுக்கு.
"காத்துக்கும் நிறை இருக்கோ?" என்று அன்றைக்குக் கேட்டா.
இருக்கு.
சும்மா இரைந்துகொண்டு நிற்கையில்
செக்கனுக்கு ரெண்டு கிராம்.
குழாய்க்குள்ளே மயிரிலும் மெல்லிய கம்பி ஒன்று
சுட்டுக்கொண்டு நிற்கும்.
போகிற காற்று அதைக் குளிர்த்தும்.
திரும்பச் சூடாக்க எவ்வளவு கரண்டோ
அதை வைத்துக் காற்றுக்கு ஒரு கணக்கு.
"கச்சான் நெருப்பாய் அடிச்சாலும்
தேத்தண்ணியை ஆத்தத்தானே செய்யுது" என்றேன்.
பெரிய படிப்பாளி மாதிரி.

இன்று மட்கோவில் கராஜ் தகரம் அதே கச்சானில் அடிபடுகிறது.
ஸ்கானரில் ரெண்டு தசம் ஒன்று.
ரெண்டு தசம் ரெண்டு.
ஒரு குறையும் இல்லை.
லாச்சியைத் திறந்து
நான் கழற்றிய பழையதைத் தேடி எடுத்தேன்.
கிளீனர் அடித்து, காயவிட்டு, பூட்டினேன்.
ரெண்டு தசம் ஒன்று.
அந்த இடத்தில் எனக்கு வயிறு ஒருமாதிரி.

ஸ்கானரை மடியில் வைத்துக்கொண்டு
அவவை ஓடச் சொன்னேன். உவர்மலை வளைவில்
அவ அமத்த அமத்த
காற்றின் இலக்கம் இறங்குகிறது;
பெற்றோல் திருத்தம் இருபத்தைந்துக்குப் பாய்கிறது.
கார் இருமியது.
"இந்த இடந்தான்" என்றா, எனக்குத் தெரியாதது போல.

திரும்பி வந்து பொனற்றைத் தூக்கினேன்.
"பிரேக்கை இறுக்கி மிதிச்சு டீயில போடுங்கோ.
கொஞ்சம் அமத்துங்கோ. இன்னும்."
எஞ்சின் பாரத்தில் ஒருபக்கம் சரிந்தது.
சரிய,
சென்சருக்குப் பின்னால் இருக்கிற றப்பர் குழாயின்
அடிமடிப்பில், கண்படாத இடத்தில்
நகமளவு வாயொன்று திறந்து
சீய் என்று உறிஞ்சியது.
சமதரையில் மூடிக்கொள்ளும் வாய்.
சென்சர் தன் வாசலால் போனதைத்தான் எண்ணும்.
பின்கதவால் நுழைந்ததற்கு
அது என்ன பதில் சொல்லும்?
பழையதும் சரி, புதியதும் சரி.
ரெண்டும் உண்மையைத்தான் சொல்லியிருக்குது.

குழாய் மூவாயிரத்துக்கு வாங்கலாம்,
அனுராதபுரச் சந்தியில்.
பதினெட்டாயிரத்தை எங்கே வாங்கலாம்?
கழற்றின பெட்டியைக் கொழும்பான் திருப்பி எடுக்கமாட்டான்.
கொம்பிரசர் லீசிங் வேறு பத்தாம் திகதி.
அவ கேட்கமாட்டா, அதுவும் தெரியும்.
நிறை பார்க்கிற மனுசி;
தராசு பிழைக்கலாம் என்று அவவுக்குத் தெரியும்,
தராசை வைத்திருக்கிறவனைப் பற்றித்தான்
இன்னும் ஒன்றும் நினைக்கவில்லை.

விரலை வைத்தேன் அந்த வாயில்.
நுனியைப் பிடித்து இழுத்தது, குழந்தை மாதிரி இல்லை,
அட்டை மாதிரி.
எஞ்சின் உடனே சீரானது.
"ஆ, இப்ப நல்லாயிருக்கு! என்ன செய்தனீங்கள்?"
பொனற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவவின் குரல்.
பிரேக்கில் கால் நடுங்குகிறது போல,
விளக்குச் சிவப்பு பின்சுவரில் மினுங்கி மினுங்கி.

விரலை எடுத்தால் சொல்லத் தொடங்க வேண்டும்.
கை சுடுகிறது.
இன்னும் எடுக்கவில்லை.