ஸ்மியர்

அகராதியில் முதல் பொருள் கொழுப்பு.
ரொட்டிக்கு வெண்ணெய், அச்சுக்கு மசகு,
வெடித்த உதட்டுக்குக் களிம்பு.
ஐந்தாவதோ ஆறாவதோ பொருளில்தான்
ஒருவர் பெயரின்மேல் விரல் வைக்கிறது.

நமக்கும் ஒரே வினைதான்.
சந்தனமும் பூசுவோம், சேறும் பூசுவோம்.
கை ஒன்று, கிண்ணம் வேறு.

பென்சான்ஸ் மருத்துவமனை, கீழ்த்தளம்,
ஜன்னலில்லாத அறை.
லவ்டே ட்ரெம்பாத் பத்தொன்பது வருடமாக
ஸ்மியர் பார்க்கிறாள்.
கண்ணாடித் துண்டில்
ஒரு பெண்ணின் உள்ளிருந்து எடுத்த பூச்சு,
நீலமும் இளஞ்சிவப்பும் ஏற்றி,
லென்சுக்கடியில் போய்த் திரும்பி, போய்த் திரும்பி,
நாளுக்கு அறுபது.
முழுதும் பார்க்காமல் எதையும் எழுதக் கூடாது
என்பது அந்த அறையின் ஒரே மதம்.

அந்தப் பிப்ரவரியில்
துறைமுகத்தில் வேறு பூச்சு நடந்தது.
உயிர்மீட்புப் படகு நிதிக்கு அவள்தான் கணக்கு.
உண்டியல் எண்ணிய இரவு
அவள் கோட்டுப் பை கனமாக இருந்ததாம்.
சொன்னது மோர்வென்னா பாஸ்கோ,
மீன் ஏலக்காரர் மனைவி.
சொன்னதுகூட இல்லை.
நாமென்றால் ஒரு ‘ஆம்’ சேர்த்துக் கை கழுவுவோம்;
ஆங்கிலத்தில் அது இல்லாததால்
புருவத்தை உயர்த்தினாள்.

யாரும் லென்ஸ் வைக்கவில்லை.
கணக்குப் புத்தகம்
தேவாலய மேசையில் திறந்தே கிடந்தது;
வந்தவர்கள் அதன்மேல் தொப்பியை வைத்தார்கள்.
பேக்கரியில் மீதிச் சில்லறை
கையில் வராமல் மேசையில் விழத் தொடங்கியது.

மார்ச் ஒன்பது, செவ்வாய்.
நாற்பத்து மூன்றாவது கண்ணாடி.
ஓரத்தில் பென்சில் எழுத்து:
பாஸ்கோ, மோ.

இங்கே அவள் ஒரு கணம் நின்றாள் என்று
எழுத எனக்கு ஆசை.
நிற்கவில்லை.
கழுத்தை நெட்டி முறித்துவிட்டு
இடப்பக்க மேல்மூலையிலிருந்து தொடங்கினாள்.

கடைசிக்கு முந்திய வரியில் மூன்று செல்கள்.
கரு பெருத்து, கறுத்து, விளிம்பு கோணி.
மூன்றே மூன்று.
தேநீர் வண்டி வந்து நின்ற நேரம்.
விட்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.
பக்கத்தில் மைப்புள்ளி வைத்து
மேலே அனுப்பினாள்.

மே மாதம்
அறுவை முடிந்து, மெலிந்து, பிழைத்து
பேக்கரி வரிசையில் நின்றாள் மோர்வென்னா.
லவ்டே இரண்டு ஆள் பின்னால்.
தணிக்கையில் கணக்கு சரி என்றார் யாரோ;
நாலு பவுண்டு கூடுதலாகவே இருந்ததாம்.
“இருக்கலாம்,” என்றாள் மோர்வென்னா,
“நெருப்பில்லாமல் புகையுமா?”

லவ்டே
குங்குமப்பூ பன் இரண்டு வாங்கினாள்.
சில்லறை மேசையில் விழுந்தது.
ஒவ்வொன்றாகப் பொறுக்கி
எண்ணினாள்,
முழுதும்.