இடப்பக்கம் திரும்பாத கரண்டி

இரவு பத்தரைக்கு ஜெறோமி அழைத்தாள்.
"மாம்பழம் வனிலா மாம்பழம் ஒரு பொத்தான்.
மாம்பழம் மாம்பழம் வனிலா இன்னொரு பொத்தான்.
கப்புக்குள்ள விழுந்தாப் பிறகு
எது முந்தி விழுந்ததெண்டு ஆர் கேக்கப் போகினம்?"

ஸ்ரான்லி வீதிக் கடைக்கு
நான் எழுதிக் கொடுத்த பில் மெசின்.
ஐந்து சுவை, மூன்று கரண்டி,
நூற்றி இருபத்தைந்து பொத்தான்.
ஒன்றுக்குள் ஒன்றாய் மூன்று சுற்று,
ஒவ்வொன்றும் பூச்சியத்திலிருந்து புறப்பட்டு
தனக்கு முன் யாருமே வரவில்லை என்ற நினைப்பில்.

எல்லாவற்றையும் உண்டாக்கி
வரிசைப்படுத்தி
இரட்டிப்பைக் கழித்துவிடலாம்.
தொண்ணூறு பேரைப் பிறக்கவைத்து
பிறகு பட்டியலிலிருந்து வெட்டுகிற வேலை.
இந்த ஊரிலிருந்துகொண்டு
எனக்கு அதற்குக் கை வராது.

காலையில் கடைக்குப் போய் ஓரமாய் நின்றேன்.
குளிர்ப்பெட்டிக்குள் ஐந்து வாளி:
வனிலா, மாம்பழம், பலா, நெல்லி, முந்திரிகை.
"நெல்லி, வனிலா, பலா" என்கிறார் ஒருவர்.
ஜெறோமியின் கரண்டி
வனிலாவில் இறங்கி, பலாவில் ஏறி, நெல்லியில் முடிகிறது.
யார் எப்படிக் கேட்டாலும் அப்படித்தான்.
நின்ற வாளியில் இன்னொருதரம் அள்ளும்,
வலப்பக்கம் நகரும்,
விட்டுவந்த வாளிக்குத் திரும்பாது.
அவளுக்கே தெரியாது.

அவ்வளவுதான் விடை.
உள்சுற்று பூச்சியத்தில் அல்ல,
வெளிச்சுற்று நிற்கிற இடத்தில் தொடங்கவேண்டும்.

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து திருத்தினேன்.
பழக்கதோசம், ஒன்றைக் கூட்டிவிட்டேன்.
பத்தே பொத்தான்.
கந்தர்மடத்து வங்கிக்காரர் வந்தார்,
வெள்ளிக்கு வெள்ளி மூன்று கரண்டியும் மாம்பழம் தின்கிறவர்.
திரையில் அவருக்கு இடமில்லை.
"நான் என்ன பிழை கேட்டனான், தங்கச்சி?"
பிழை என்னுடையது, ஐயா.
ஒருமுறை எடுத்ததை மறுமுறை எடுக்காதே என்று
நான்தான் எழுதிவிட்டேன்.

கூட்டிய ஒன்றை அழித்தேன்.
வனிலாவில் தொடங்கினால் பதினைந்து,
மாம்பழத்தில் பத்து,
பலாவில் ஆறு, நெல்லியில் மூன்று,
முந்திரிகையில் தொடங்கியவருக்கு
முந்திரிகையே முடிவு.
முப்பத்தைந்து.
ஒன்று கூட இல்லை, ஒன்று குறைய இல்லை.
ஜெறோமி பெருவிரலை உயர்த்திக் காட்டினாள்.

அப்போதுதான் அந்தப் பிள்ளை வந்தது,
வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, ஒரு கையில் காசு.
"கோன். அடியில நெல்லி, நடுவில வனிலா, மேல மாம்பழம்."
ஜெறோமியின் கரண்டி வழக்கம்போல
வனிலாவுக்குப் போனது.
"இல்லை! நெல்லி கடைசியா வாய்க்குள்ள வரவேணும்!"

நான் நூற்றி இருபத்தைந்தையும் தேடினேன்.
நல்லகாலம், அழிக்கவில்லை,
பழைய கோப்பு என்று பெயர்மாற்றித்தான் வைத்திருந்தேன்.
கப்புக்கு ஒரு கணக்கு,
கோனுக்கு ஒரு கணக்கு.

பிள்ளை வாசலைத் தாண்டவில்லை,
பன்னிரண்டு மணி வெயில்
மாம்பழத்தை வனிலாவுக்குள் இறக்கி
இரண்டையும் முழங்கைவரை வழியவிட்டது.
அது முழங்கையைத் தூக்கி நக்கியபடி
வீதியைக் கடந்து போகிறது.

அதற்கு எந்தப் பொத்தான்?