குறிப்பு நிரல்

காலை எட்டரைக்குத் தொட்டித் தண்ணீரை அளக்க வேண்டும்.
கம்பி வேலிக்குள்ளே வட்டத் தொட்டி,
வெயிலிடம் நம்பி ஒப்படைத்த தண்ணீர்.
ஒரு நாளில் வெயில் எவ்வளவு குடித்ததென்று
மில்லிமீற்றரில் எழுத
எனக்குச் சம்பளம்.

ஆடியில் கச்சான்.
தன் மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் இறைத்துவிட்டு
வெறுங்கையோடு திருகோணமலைக்கு இறங்கும் காற்று.
கதவைச் சாத்தினால் தட்டும்,
திறந்தால் வாயில் மண் போடும்.
கொடியில் போட்ட சேலை
மறுமுனையைக் கட்டுமுன் காய்ந்து
அப்பளமாய் நொறுங்கும்.
பஸ் நிலையத்தில் ஒரு பெடியன்
"கச்சான், கச்சான்" என்று கூவிக்கொண்டு போகிறான்.
சனம் முகத்தை மூடிக்கொள்கிறது.
காற்றுக்கும் கடலைக்கும்
ஒரே பெயர் வைத்த ஊர் இது.

தொலைபேசியில், கொழும்பிலிருந்து, விதானகே
குடை காயவில்லை என்று அலுத்துக்கொள்கிறார்.
நான் எண்களைச் சொல்கிறேன்:
வெப்பம் முப்பத்தேழு தசம் இரண்டு,
மழை இல்லை, மழை இல்லை, மழை இல்லை,
ஆவியானது ஏழு. ஆவியானது எட்டு.
ஆவியானது
பதினேழு.

"பதினேழா? கருவியைப் பாருங்கள்."

பார்த்தேன். கருவியில் பிழையில்லை.
தொட்டியின் விளிம்பருகே
பிளந்த குளம்புச் சுவடு இரண்டு,
கொஞ்சம் கருமணிப் புழுக்கை.

அன்றிரவு என் முறை.
இரண்டரை மணி அளவீட்டுக்கு டோர்ச்சோடு போனேன்.
கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்,
வேலி சரிந்த மூலையால் வந்திருக்கிறது.
தலை நிமிர்த்திப் பார்த்தது.
மோவாயிலிருந்து ஒரு துளி விழுந்து
அளவுகோலின் முள் நடுங்கியது.
டோர்ச்சை அணைத்தேன்.
இருட்டில் அது குடிக்கிற சத்தம் மட்டும்,
சின்னக் குழந்தை சப்புக்கொட்டுவதுபோல.

வெயில் குடித்தது எவ்வளவு, மான் குடித்தது எவ்வளவு,
பிரித்தெழுத நிரல் இல்லை.
கடைசியில் இருக்கிற குறிப்பு நிரலில்
'மான்' என்று எழுதினேன்.

அழிக்கச் சொன்னார்கள். அழிக்கவில்லை.
தொட்டிக்கு வலை போடச் சொன்னார்கள். போட்டேன்.
வேலிக்கு வெளியே ஒரு வாளி வைத்தேன்.
வாளியை அளக்கும்படி
எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

இந்த நிரலை முன்பு நான் கவனித்ததில்லை.
அலுமாரியில் பழைய பதிவேடுகள்.
சில வருடங்களில் வாரக்கணக்காய் வெற்றுக் கட்டங்கள்.
அந்த நாட்களில் மழை பெய்யவில்லை என்றல்ல,
வீதி கடந்து இந்தக் குன்றுக்கு
ஒருவராலும் வர முடியவில்லை.
குறிப்பு நிரலிலும் அது இல்லை.
எழுத வந்தவர் என்ன செய்வார்,
பேனையை மூடிவைத்துவிட்டு
மறுநாள் வெப்பத்தை எழுதியிருக்கிறார்:
முப்பத்தொன்று.

ஐப்பசி பிறந்தும் காற்று திரும்பவில்லை.
கிண்ணியாவிலிருந்து சுபைதீன் எடுக்கிறார்:
"புள்ள, கடல் எப்பிடி? வலையப் போடவா, வேணாமா?"
உவர்மலையிலிருந்து கமலவேணி:
"மகளுக்குக் கலியாணம், பதினாலாந் தேதி.
பந்தலுக்குத் தகரமோ துணியோ?"
எனக்கு நேற்றைய மழை தெரியும் அம்மா,
நாளையது கொழும்புக்குத்தான் தெரியும் என்றேன்.
"நேற்று மழையே இல்லையே" என்றார்.
அதுதான் எனக்குத் தெரியும்.

பதின்மூன்றாந் தேதி பின்னேரம்
டச்சுக்குடாவின் நிறம் மாறியது.
வாடை வந்தது, பத்து நாள் பிந்தி,
பிந்தியவன் பேச்சுக் கொடுக்காமல்
நேரே வேலையில் இறங்குவதுபோல.
பாக்குநீர்த் தோணிகளைக் கரையேற்றுமுன்
வீதிக்கும் கடலுக்கும் வித்தியாசம் போயிற்று.

காலை எட்டரைக்கு மழைமானியில் நூற்றி நாற்பத்துமூன்று.
தொட்டி நிரம்பி வழிந்ததால்
ஆவியாதல் கணக்கிட முடியவில்லை.
வாளியும் வழிந்தது.
கமலவேணி தகரந்தான் போட்டிருக்க வேண்டும்,
மலையடியில் எங்கோ
தகரத்தில் மழை விழுகிற சத்தத்துக்கு மேலாக
நாதஸ்வரம் கேட்டது.

குறிப்பு நிரலில் என்ன எழுத?
வாளியைக் கவிழ்த்துவைக்கப் போனேன்.
சுவடு ஒன்றுமில்லை, எல்லாம் சேறு.
ஒரு தவளை உள்ளே இருந்தது.
வாளியை அப்படியே விட்டேன்.