பில் எண் 391

கோரிப்பாளையம் மருந்துக்கடை. இரவு ஷிப்ட்.
பாராசிட்டமால் பெட்டிக்குப் பின்னால்
அட்டை கிழிந்த நாவல்,
டெலிவரிப் பையன் ஜக்கரியா மறந்துவிட்டுப் போனது.

பதினாறு வயது ரெனிட்டா
பயம் வந்தால் கண்ணில் படும் எண்ணையெல்லாம்
வகுத்துப் பார்ப்பாள்.
பிடித்திருக்கிறது என்று சொல்லத் தெரியாத கபிலேஷ்
தன் புரோகிராமில் ஒரே ஒரு அரைப்புள்ளியை
வேண்டுமென்றே விட்டுவிட்டு
சரிபார்க்கச் சொல்லி அவளிடம் நீட்டுகிறான்.
மடையா, என்றேன் சத்தமாக.
இன்சுலின் வாங்க வந்தவர் முறைத்தார்.

கண்டுபிடித்தாளா?
அதற்குள் ஒருவருக்குப் பஞ்சு,
ஒருவருக்கு ஓ.ஆர்.எஸ்.,
ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டு ஒரு ஆட்டோக்காரர்.
பெரியாஸ்பத்திரி வாசலில்
சைரன் ஒன்று வந்து அடங்கியது.

கண்டுபிடித்தாள்.
திருத்தவில்லை.
தன் பங்குக்கு ஒரு பிழை சேர்த்துத்
திருப்பிக் கொடுத்தாள்.

புத்தகத்தை மூடி
கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜ் ஓடுவதைக் கேட்டேன்.
எனக்கு நாற்பத்தொன்று.
எதனாலும் வகுபடாத வயது.

விடியும்போது கடைசி பில்:
"பதினேழு பெருக்கல் இருபத்து மூன்று."
"எவ்வளவுண்ணே?"
"நூத்திப் பன்னெண்டு ரூபாம்மா."

ஷட்டரைத் தூக்கியபடி ஜக்கரியா வந்தான்.
குட்மார்னிங் சொல்லக்கூட விடாமல் கேட்டேன்:
ரெண்டாம் பாகம் வந்திருச்சாடா?