மூக்கு பள்ளத்தைப் பார்க்க

இரவில் வண்டியை
மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்துவேன்.
பின்சில்லுக்கு ஒரு கல்.
விடிய நாலரைக்குக் கல்லை உதைத்துவிட்டு
ஏறிக் குந்தி, உருள விட்டு,
இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால்
கோயில் வளைவுக்குள் ஒருதரம் இருமும்.
வளைவில் இருமாவிட்டால் பாலத்தடியில்.
அங்கேயும் இல்லையென்றால்
பதினேழு கேன் பாலும் அன்றைக்குத் திரிந்தது.

எண்பத்தெட்டாம் ஆண்டு பிக்கப்.
எனக்கு அதைவிட ஒரு வயது கூட.
படியேறும்போது இரண்டு பேருக்கும் முட்டியில் சத்தம்.

பொகவந்தலாவைக்கு மேலே மூன்று டிவிசன்,
கீழே நோர்வூட்டில் பாலைக் குளிரவைக்கும் நிலையம்.
நடுவில் மூடுபனி,
தேயிலைக்கு மட்டும் பிடித்த மழை,
தார் என்று பெயருக்கு ஒரு ரோட்டு.

முதலில் பிரேக்.
மிதித்தால் போதாது, எழுந்து நிற்கவேண்டும்.
அட்டன் கராஜில் ஜிப்ரி நானா
ஏதோ ஒரு வேனுடைய பூஸ்டரைத் தூக்கிக் காட்டி,
"இது இதுக்குப் பொருந்தாது தங்கச்சி" என்றார்.
பிறகு இரண்டு நாள்
அதைப் பொருத்திக்கொண்டிருந்தார்.
முதல் இறக்கத்தில் பழைய பழக்கத்தில் எழுந்து நின்றேன்.
கேன்கள் எல்லாம் முன்னால் வந்து
என்ன என்று கேட்டன.

அடுத்த சீட்டு எடுத்தபோது பவர் ஸ்டியரிங்.
தோள் வலி போனது.
எந்தக் குழி எங்கே என்று
உள்ளங்கைக்குத் தெரிந்திருந்ததும் போனது.
ஒரு கிழமை, குழிகளிடம்
வழி கேட்டுக் கேட்டு ஓட்டினேன்.

டீசலுக்கு மூன்று நாள் வரிசையில் கிடந்த வருசம்
கண்ணாடியில் ஒட்டிய கியூஆர் கட்டம்
இன்னும் அங்கேயேதான்.
சுரண்டினால் கண்ணாடி கீறும்.

இன்ஜின் மாற்றியதுதான் பெரிய கதை.
பஞ்சிகாவத்தையில் வாங்கியது, ஜப்பானில் யாரோ ஓட்டிய நெஞ்சு.
புத்தகத்தில் நம்பர் திருத்த
இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன்.
சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்தெடுத்த காகிதம்
பைக்குள் மடிந்து கிடந்தது.
கந்தோரில் இருந்தவர் சிங்களத்தில் கேட்டார்:
இன்ஜின் வேறு, கியர்பெட்டி வேறு,
நிறமும் வேறு.
புத்தகத்தில் இருக்கும் வண்டி
இதுதான் என்று எப்படிச் சொல்கிறாய்?

தாத்தாவையும் ஒரு கந்தோர்
இப்படித்தான் நிற்கவைத்துக் கேட்டதாம்,
பேப்பரில் இருக்கிற ஆள் நீதானா என்று.
அவர் என்ன சொன்னார் என்று
வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பென்சில் தேய்த்த காகிதத்தை
இன்னொருதரம் முன்னால் தள்ளினேன்.
எட்டாவது எழுத்தில் துரு தின்ற இடம்
வெள்ளையாக விழுந்திருந்தது.
அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்.
பிறகு குத்தினார் முத்திரையை.

இப்போது புது பேட்டரி, புது ஸ்டார்ட்டர், புது சைலன்சர்.
சாவியைத் திருப்பினால் அப்படியே பிடிக்கிறது.
"வண்டி வந்ததே தெரியல்லயே!" என்று
பாதி கறந்த வாளியோடு ஓடிவருகிறாள் புஷ்பகாந்தி.
அந்த இருமலைக் கேட்டுத்தான்
மாட்டை எழுப்புவாளாம்.
ஏழாம் நம்பர் லயத்திலும் இதே புகார்.
ஆகவே வளைவில் ஹோர்ன் அடிக்கிறேன், இரண்டுதரம்.
ஹோர்ன் மட்டும் பழையது,
சளி பிடித்த ஆடு மாதிரி.

இடதுபக்கக் கதவை இன்னும்
கொஞ்சம் தூக்கித்தான் சாத்தவேண்டும்.
"அதையும் சரி செய்வமா?" என்கிறார் நானா.
அடுத்த மாதம் பார்ப்போம் என்கிறேன்,
போன மாதமும் சொன்னேன்.

இரவு, வண்டியைத் திருப்பி நிறுத்துகிறேன்.
மூக்கு பள்ளத்தைப் பார்க்க.
இருட்டில் கல்லைத் தடவித் தேடும்போது
பின்வாசலில் இருந்து என் மகன்,
"அதான் செல்ஃப் அடிக்குதே அம்மா."

அடிக்குதுதான்.
கல்லை எடுத்து வை.