நவம்பர் வரைக்கும்

முதல் நாள் பின்புறம் மட்டும்தான்.
வேலியிடுக்கில் நுழைகையில் வால் தூக்கியிருந்தது,
அடியில் வெள்ளை,
பிரித்த தபால் உறையின் உள்பக்கம்போல.

பல் துலக்கிக்கொண்டே குளியலறைச் சன்னலில் நின்று
ரோ மான் என்று முடிவு கட்டினேன்.
ரோ மானுக்கு வாலே தெரியாது என்றது
நூலகத்துப் புத்தகம்.
காலண்டரில் எழுதியதை அடித்தேன்.

மூன்றாம் நாள் ஒரு காது.
ஐந்தாம் நாள் மான் இல்லை,
துலிப் மொட்டுகளும் இல்லை.
அதையும் ஓர் அடையாளமாகக் குறித்துக்கொண்டேன்.

ஆக்கிள் கடைவீதியில், கண்ணாடிக் கடையில், எனக்கு வேலை.
வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு
இது தெளிவா, அதுவா என்று
நாள் முழுக்க அடுத்தவரைக் கேட்பேன்.
பாதிப் பேர் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார்கள்.
தப்பாகச் சொன்னால் யாரோ அடிப்பார்கள் என்பதுபோல
நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

ஒன்பதாம் நாள்
மழைநீர்ப் பீப்பாய்க்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவே
முழுதாக நின்றது.
ஒரு லாப்ரடார் உயரம்கூட இல்லை.
கூன் விழுந்த முதுகு. கொம்பில்லாத பிணை.
நெற்றியில் பட்டம் வடிவில் கரிய திட்டு.
வயிறு பக்கவாட்டில் பிதுங்கியிருந்தது.
என்னைப் பார்த்தபடியே
என் ரோஜாவின் புதுத்தளிரை மென்றது.

மன்ட்ஜாக். சந்தேகமே இல்லை.
எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை
தெளிவாகத் தெரிந்தது எனக்கு.

சனிக்கிழமை டெஸ்மண்ட் கெட்ஜ் வந்தார்.
பக்கத்துப் பண்ணையில் அவரைத் தளிரெல்லாம் போகிறதாம்.
துப்பாக்கி வண்டியிலேயே இருந்தது,
பூட்ஸை மட்டும் வாசலில் தட்டினார்.
"என்ன மான், மிஸஸ் லார்ட்டர்?"

நார்ஃபோக்கில் இந்தக் கேள்விக்குப்
பதில் சொல்வது லேசில்லை.
மன்ட்ஜாக்கும் நீர்மானும்
சீனாவிலிருந்து வந்தவைதான்,
பெரிய மனிதர்களின் பூங்கா வேலியைத்
தாண்டி வந்தவைதான்.
நீர்மானுக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் முடிய
சட்டம் காவல் இருக்கிறது.
மன்ட்ஜாக்குக்கு ஒரு நாளும் இல்லை.

"நீர்மான்" என்றேன்.
"காது வட்டமா இருந்துதா?"
"கரடிப் பொம்மைக் காது."
"முதுகு?"
"நேர் முதுகு."
எனக்கே ஆச்சரியம், எவ்வளவு சரளமாக வந்தது.
படம் போட்ட பக்கத்தைப் பார்த்து
ஒப்பிப்பதுபோல.

அவர் பீப்பாய்ப் பக்கம் போனார். குனிந்தார்.
ஈர மண்ணில் குளம்படி:
பெருவிரல் நகமளவு,
ஒரு பிளவு நீளம், ஒரு பிளவு குட்டை.
முப்பது வருஷமாக இந்தச் சதுப்பில்
தடம் பார்த்து நடக்கிற மனிதர்.
நான் காலண்டரைத் திருப்பி மாட்டினேனா என்று
சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

எழுந்தார்.
பூட்ஸ் நுனியால்
அந்தத் தடத்தை அப்படியும் இப்படியும் தேய்த்தார்,
சிகரெட்டை அணைப்பதுபோல.
"அப்ப நவம்பர் வரைக்கும் தொடக்கூடாது" என்றார்.
தேநீர் வேண்டாமென்றார்.

அன்றிரவு இரண்டு மணிக்கு
அது குரைக்கத் தொடங்கியது.
நீர்மானும் குரைக்கும் என்று
புத்தகத்தில் ஒரு வரி உண்டுதான்.
ஆனால் இப்படியா?
நாலு விநாடிக்கு ஒன்றாக, விடாமல்,
கதவைத் தட்டித் தன் பெயரைச் சொல்லும்
கூரியர்க்காரன் மாதிரி.
போர்வைக்குள்ளிருந்து எண்ணினேன்.
நாற்பது. நாற்பத்தொன்று.
சும்மா இரேன், சனியனே,
உனக்காக ஒருத்தி பொய் சொல்லியிருக்கிறாள்.

வயலுக்கு அப்பால் கெட்ஜ் வீட்டு மாடியில்
விளக்கு எரிந்தது.
அது குரைத்துக்கொண்டே இருந்தது.
விளக்கும் எரிந்துகொண்டே இருந்தது,
நான் கண்ணாடியைத் தேடி எடுத்து
மாட்டிக்கொள்ளும்வரை.

பிறகு அணைந்தது.