நூற்றுக்கு இரண்டு

எங்கள் நாட்டுக்குக் கடல் இல்லை.
ஆனாலும் ஆஸ்ட்ராவா ஆய்வகத்தின் உறைபெட்டியில்,
சுண்டுவிரல் பருமன் குப்பிகளில்
கொஞ்சம் கடல் தூங்குகிறது
வெள்ளைத் தூளாக, கோடிக்கணக்கில்.

சொட்டு நீர் விட்டால் விழிக்கும்.
விழித்ததும் ஒளிரும்.
அதைத் தவிர அந்த நுண்ணுயிர்களுக்கு
வேறு பேச்சு தெரியாது.

திங்கட்கிழமை லூபோர் வந்தான்.
இடுப்புவரை ரப்பர் பூட்ஸ்,
கையில் பிளம் சாராயப் பாட்டில் நிறைய ஆறு.
"தடுப்பணைக்குக் கீழே ஒரு மீன்கூட இல்லை. பார்த்துச் சொல்."
மூடியைத் திறந்து மோந்தேன்.
கழுவினேன் என்றான்.
கழுவியிருப்பான், குடிப்பவன் கழுவும் அளவுக்கு.
கொன்றது ஆறா சாராயமா என்று
நாளைக்கு ஒரு வக்கீல் கேட்பான்.
தொட்டியில் கொட்டினேன்.
மூன்று நாள் என்னோடு பேசவில்லை அவன்.

செவ்வாய்க்கிழமை நானே போனேன்.
முலாம் ஆலையின் குழாய்க்குக் கீழே
கரையோரப் பனிக்கட்டியைக் குதிகாலால் உடைத்து
குனிந்து மொண்டேன்.
கண்ணாடி போல் தெளிவு.
அதுதான் பிடிக்கவில்லை.

ஆலை அனுப்பிய தாள் மேசைமேல் கிடக்கிறது:
துத்தநாகம், வரம்புக்குள்.
நிக்கல், வரம்புக்குள்.
சயனைடு, வரம்புக்குள், வரம்புக்குள்.
தனித்தனியே எல்லாம் வீட்டுக்கு அடங்கிய பிள்ளைகள்.
ஆறு தனித்தனியாகவா குடிக்கிறது?

மொண்டு வந்த நீரில் உப்புப் போட்டேன்,
நூற்றுக்கு இரண்டு பங்கு.
உப்பில்லாவிட்டால் கடலில் பிறந்தவை வெடித்துச் சாகும்,
சாவுக்கு ஆலைமேல் பழி சொல்ல முடியாது.
குளிர்மேடை பதினைந்து டிகிரி.
ஒரு குப்பியில் சுத்த நீர்,
ஒரு குப்பியில் எங்கள் ஆறு.

எண்ணிச் சொல்லக் கருவி இருக்கிறது.
இருந்தும் விளக்கை அணைத்தேன்.
இருட்டு கண்ணுக்குப் பழகும்வரை காத்திருந்தேன்.

இரண்டும் நீலம். இருக்கிறதா, நினைப்பா
என்று சொல்ல முடியாத நீலம்.
ஐந்தாம் நிமிடம் இடது கை நீலம் கொஞ்சம் தயங்கியது.
பதினைந்தில் பாதி.
அலறவில்லை, துடிக்கவில்லை,
குறைந்தன, அவ்வளவுதான்.
நான் போட்ட உப்பைத் தின்றவை
உயிர் உள்ளளவும் எனக்குப் பொய் சொல்லவில்லை.
முப்பதாம் நிமிடம்
இருட்டில் ஒரு குப்பிதான் இருந்தது.

போன் அடித்தது. ராதிம்.
அந்த ஆலையில்தான் இரவு ஷிஃப்ட், பதினோரு வருடமாக.
வீட்டுக் கடனில் இன்னும் ஆறு பாக்கி.
"உருளைக்கிழங்கு வேகவைக்கிறேன்,
உப்பு எவ்வளவு?"

நூற்றுக்கு இரண்டு என்று வாய் தவறிவிட்டது.
சிரித்தான்.
அவன் சிரித்து முடிக்கும்வரை
போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.
பிறகு விளக்கைப் போட்டு
எண்ணை எழுதினேன்,
பென்சிலால் அல்ல.